பாட்டிலை உருட்டினால் எலும்பு இறுகாது

ஒவ்வொரு ஜனவரியிலும் எங்கள் முவாய் தாய் (தாய்லாந்துக் குத்துச்சண்டை, உதையும் உண்டு) வகுப்புக்குப் புது ஆட்கள் வருவார்கள், மார்ச்சுக்குள் பாதிப் பேர் காணாமல் போவார்கள். அதற்கு நடுவில் ஏறக்குறைய எல்லாரும் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவார்கள்: "அக்கா, காலை எப்படி இறுக வைக்கிறது?" கேட்கும்போதே பதிலையும் கைப்பேசியில் வைத்திருப்பார்கள். யாரோ ஒருவர் கண்ணாடிப் பாட்டிலை முழங்காலுக்குக் கீழே அழுத்தி மேலும் கீழும் உருட்டும் காணொளி, இல்லாவிட்டால் பூரிக்கட்டை, அதுவும் இல்லாவிட்டால் தாய்லாந்தில் வாழைமரத்தை உதைத்துச் சாய்க்கும் ஒருவர். வாழைத்தண்டு நறுக்கிய கைகளுக்குத் தெரியும் அதில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்று, அது உதைக்கு விழுவதில் என்ன அதிசயம்? இங்கே சிங்கப்பூரில் புளோக்குக்குக் கீழே நிற்கும் மரத்தில் யாரும் முயன்று பார்க்க வேண்டாம், நகர மன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் மருத்துவர் இல்லை. வேலை முடிந்து மாலையில் போய்ப் பயிற்சி செய்கிறவள், புதியவர்களுக்குப் பேட் (உதையை வாங்கும் கைமெத்தை) பிடிக்கிறவள், அவ்வளவுதான். ஆனால் பேட் பிடிக்கிறவளின் காதுக்கு எல்லாருடைய கால்வலியும் வந்து சேரும். இத்தனை வருஷமாகக் கேட்டதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: கணைக்கால் எலும்பு இறுகுவது உண்மை, ஆனால் அதற்கென்று ஒரு கால அட்டவணை இருக்கிறது. நாம் எவ்வளவு வலி தாங்குகிறோம் என்பதற்கும் அந்த அட்டவணைக்கும் சம்பந்தமே கிடையாது.

உங்கள் முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம் உட்புறமாகக் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். தோல், அடியில் கொஞ்சம் கொழுப்பு, அதற்கடுத்து நேராக எலும்பு. தொடையிலும் கெண்டைக்காலிலும் இருப்பதுபோல அடியை வாங்கிக்கொள்ளத் தசை இங்கே இல்லை. எலும்பைச் சுற்றி ஒரு மெல்லிய உறை உண்டு, அதில் நரம்புகள் அதிகம். கட்டில் விளிம்பில் இடித்துக்கொண்டால் கண்ணில் நீர் வருவது அந்த உறையால்தான். பாட்டில் உருட்டும்போது நாம் நசுக்குவதும் அதைத்தான், உள்ளே இருக்கும் எலும்புக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. எலும்பு கவனிப்பது தன்மேல் விழும் பளுவை. நடை, ஓட்டம், குதி, தொங்கும் பயிற்சிப் பையில் விழும் உதை எல்லாம் எலும்பை நூலளவு வளைக்கின்றன, அந்த வளைவுக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்கிறது. யூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1892இலேயே இதை எழுதி வைத்துவிட்டார், இன்றும் அவர் பெயரால்தான் அந்த விதியைச் சொல்கிறார்கள்.

திருத்திக் கட்டும் வரிசையில்தான் வம்பு இருக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் கழிப்பறை மேம்பாட்டுக்கு ஆள் வந்தால் முதலில் என்ன செய்வார்கள்? பழைய ஓடுகளை எல்லாம் இடித்துத் தள்ளுவார்கள், நாலு நாள் வீடு வீடாகவே இருக்காது, அப்புறம்தான் புது ஓடு ஒட்டுவார்கள். எலும்பும் அப்படித்தான். புதுப் பளு வந்ததும் ஒருவகைச் செல்கள் பழைய எலும்பைச் சுமார் மூன்று வாரம் அரித்து எடுக்கின்றன, பிறகு வேறொரு வகைச் செல்கள் அந்தக் குழிகளை நிரப்புகின்றன. நிரப்பி முடியச் சுமார் மூன்று மாதம் ஆகும். ஆகவே தடாலடியாகப் பயிற்சி தொடங்கியவருடைய எலும்பு முதல் மாதக் கடைசியில் தொடங்கின நாளைவிடக் கொஞ்சம் பலவீனமாகத்தான் இருக்கும். மூச்சும் தசையும் அதற்குள் நன்றாகத் தேறிவிடுவதால் மனசு மட்டும் "இன்னும் கொஞ்சம் கூட்டு" என்று சொல்லும். வகுப்பில் கால்வலி என்று உட்காருகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கட்டத்தில் இருப்பவர்கள். சோம்பேறிகளுக்கு இது வருவதே இல்லை, ஆர்வக் கோளாறுகளுக்குத்தான் வருகிறது.

கணைக்கால் என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது கலப்புத் தற்காப்புக் கலை வீரர் அண்டர்சன் சில்வா. 2013 டிசம்பர் 28, லாஸ் வேகாஸ், கிறிஸ் வைட்மன் காலை மடக்கித் தூக்கி உதையை மறிக்க, உதைத்த சில்வாவின் இடது கால் இரண்டாக மடிந்தது. அதே வைட்மன் 2021 ஏப்ரலில் யுரையா ஹாலை உதைத்தார், ஆட்டம் தொடங்கிப் பதினேழே விநாடியில் அவருடைய காலும் அதே மாதிரி முறிந்தது. இவர்கள் இறுகாத கால்காரர்களா என்ன? வாழ்நாள் முழுக்க உதைத்த கால்கள். கணைக்கால் எலும்பு நடுப்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே, கணுக்காலுக்கு மேலே, மிகக் குறுகலாக இருக்கும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே தடித்து அகலமாக இருக்கும். உதைப்பவரின் குறுகலான இடம் தடுப்பவரின் தடித்த இடத்தில் முழு வேகத்தில் போய் மோதினால் எந்தப் பயிற்சியும் காப்பாற்றாது. ஆகவே லோ கிக்கை (எதிராளியின் காலைக் குறிவைக்கும் தாழ்ந்த உதையை) வெறுமனே வீசாமல் முன்னால் ஒரு குத்தைக் காட்டி எதிராளியின் எடை முன்காலில் இறங்கும் நேரம் பார்த்து உதைக்கச் சொல்லித் தருகிறார்கள், எடை இறங்கிய காலை அவரால் தூக்கி மறிக்க முடியாது. சில்வா உள்ளே கம்பி வைத்துத் தைத்துக்கொண்டு 2015 ஜனவரியில் மேடைக்குத் திரும்பிவிட்டார், வைட்மனுக்கு 2023 ஆகஸ்ட் வரை பிடித்தது. இருவருமே அந்தத் தொழிலின் உச்சத்தில் இருந்தவர்கள், கூடவே மருத்துவக் குழு இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வகுப்பில் யாருக்கும் அப்படி நடப்பதில்லை, நடக்கவும் வேண்டாம். நமக்கு வருவது மெதுவாக வருகிறது. பெரும்பாலும் அது உதையால்கூட வருவதில்லை, ஓட்டத்தால் வருகிறது.

எங்கள் பக்கத்து புளோக்குத் தம்பி ஒருவன், பாலிடெக்னிக் முடித்துத் தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவப் பயிற்சிக்கு) காத்திருந்தான். 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் நல்ல நேரம் எடுக்க வேண்டும் என்று தினமும் காலையில் பூங்கா இணைப்புப் பாதையில் ஓடுவான், மாலையில் வகுப்பு, வகுப்பு இல்லாத நாளில் புளோக்குக்குக் கீழே சிமெண்டுத் தரையில் ஸ்கிப்பிங். முதலில் இரண்டு காலிலும் உட்புற ஓரமாக நீளமாக ஒரு வலி, ஓடத் தொடங்கும்போது இருக்கும், உடம்பு சூடானதும் போய்விடும். பிறகு இடது காலில் மட்டும், சூடானாலும் போகவில்லை. பிறகு இரவில் படுத்தாலும் விண்விண் என்றது. கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்று சொன்னதும், "பார்த்தீங்களா அக்கா, சும்மா தசைவலிதான்" என்று வந்து நின்றான். எங்கே வலி என்று கேட்டேன். ஒற்றை விரலை வைத்துக் காட்டினான். அந்த விரல்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னொரு இடத்தில் எம்ஆர்ஐ எடுத்தபோது எலும்பில் மயிரிழை விரிசல்.

இதைப் புரிந்துகொள்வது எளிது. உள்ளங்கையை விரித்து "இந்தப் பக்கம் முழுக்க" என்று தேய்த்துக் காட்டினால், அதாவது எலும்பின் உள்ஓரமாக ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வலி பரவியிருந்தால், அது ஷின் ஸ்பிளிண்டாக (அதிகப் பளுவால் எலும்போரத்தில் வரும் வலியாக) இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு விரல் நுனியால் "இதோ இங்கே" என்று காட்ட முடிந்தால், அழுத்தினால் துள்ளினால், ஓய்விலும் இரவிலும் வலித்தால், விரிசலைச் சந்தேகப்பட வேண்டும். புது விரிசல் முதல் சில வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம், எலும்பு அங்கே ஆறத் தொடங்கிய பிறகுதான் அடையாளம் தெரியும். ஆகவே சுத்தமான எக்ஸ்ரே என்பது ஓடுவதற்கு அனுமதிச்சீட்டு இல்லை. அந்த ஒற்றைப் புள்ளி எலும்பின் முன்விளிம்பில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், அந்த இடம் ஆறுவதற்கு ரொம்ப அடம்பிடிக்கும், சிலருக்கு உள்ளே கம்பி வைக்கும் வரைக்கும் போகும். உள்ஓரத்தில் வருவது பொதுவாக ஆறிலிருந்து எட்டு வாரத்தில் படிந்துவிடும், தம்பிக்கு வந்தது அந்த ரகம்.

அந்த வாரங்களில் அவன் சும்மா இருக்கவில்லை. காலில் எடை விழாத வேலையெல்லாம் செய்யலாம் என்று பிசியோ (இயன்முறை மருத்துவர்) சொன்னதால் நீச்சல் குளத்துக்குப் போனான், நாற்காலியில் உட்கார்ந்து பேடில் குத்தினான், பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். ஏற்கெனவே முகாமில் இருக்கும் பையன்களுக்கு ஒரு வார்த்தை: ஒற்றைப் புள்ளி வலி இருந்தால் மருத்துவ அதிகாரியிடம் அப்படியே சொல்லுங்கள், "எக்ஸ்கியூஸ் ஆர்எம்ஜே" (ஓட்டம், அணிநடை, குதியிலிருந்து விலக்கு) கேட்கிறவன் கெங் அடிக்கிறான், அதாவது நோய்போல நடிக்கிறான் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்தான், ஆனால் அவர்கள் யாரும் உங்கள் எலும்பை வைத்து நடக்கப் போவதில்லை.

நேரடி அடிக்கு வருகிறேன். ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) நான் விட்ட உதை எதிரிலிருந்தவரின் முழங்கையில் போய் மோதியது, அவர் வேண்டுமென்று செய்யவில்லை, கையை இறக்கியிருந்தார், அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் எலும்பின்மேல் கோழிமுட்டை அளவு வீக்கம். வீட்டுக்குப் போனதும் அம்மா கோடாலித் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சிங்கப்பூர் வீடுகளில் தலைவலியிலிருந்து வயிற்றுவலி வரை எல்லாவற்றுக்கும் அதுதானே. ஜிம்மில் தாய்லாந்து மஞ்சள் எண்ணெய், வீட்டில் கோடாலி, பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி கொடுத்த புலித் தைலம். இந்த வகைத் தைலங்களில் பெரும்பாலும் இருப்பது மெந்தால், கற்பூரம், மெத்தில் சாலிசிலேட் போன்றவைதான், தோலில் சில்லென்றோ சுள்ளென்றோ உறைத்து வலியை மறக்கடிக்கும். அதில் எனக்கு விரோதமில்லை, பயிற்சிக்கு முன்னால் நானும் தடவுகிறேன். அடிபட்ட அன்றே அழுத்தித் தேய்ப்பதுதான் வினை. உள்ளே ரத்தக் குழாய்கள் கசிந்துகொண்டிருக்கும்போது பிசைந்தால் இன்னும் கசியும், தசையில் கட்டிய ரத்தத்தைப் பிசைந்து பிசைந்து அங்கே எலும்புபோலச் சுண்ணாம்பு படிய விட்டவர்களும் உண்டு. இரண்டு மூன்று நாளைக்கு யாரையும் அந்த இடத்தில் கைவைக்க விடாதீர்கள், அம்மாவாக இருந்தாலும் சரி, எலும்பு வைத்தியக் கடை அங்கிளாக இருந்தாலும் சரி. புண்ணின்மேல் தைலம் கூடாது, வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தடவக் கூடாது.

ஐஸ் வைக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நாலு வழி 1978இல் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர் சுருக்கிச் சொன்னது. அவரே 2014இல், ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். நான் எடுத்துக்கொண்டது நடுவழி. முதல் நாள் வலி தாங்கவில்லையென்றால் துணியில் சுற்றிப் பத்து நிமிஷம், அதற்குமேல் இல்லை. அதைவிடப் பலன் கொடுத்தது கிரேப் பாண்டேஜும், தலையணைமேல் காலைத் தூக்கிப் போட்டதும்தான். மூன்றாம் நாள் நீலம் கணுக்கால்வரை இறங்கியது, பார்த்தவர்கள் பயந்தார்கள், புவியீர்ப்பில் ரத்தம் கீழே வடிகிறது, அவ்வளவுதான். வலிக்காத அளவு நடந்தேன், பிறகு சைக்கிள். வீக்கம் வடிய வாரங்கள் ஆயின, ஒரு சின்ன மேடு இன்னும் இருக்கிறது. அது வலிப்பதில்லை, பெருமைப்படவும் ஒன்றுமில்லை.

இங்கே ஓர் ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும், வகுப்புகளில் யாரும் சொல்வதில்லை. முழங்காலுக்குக் கீழே தசைகள் நாலு அறைகளாக, நீட்சி இல்லாத உறைக்குள் அடைபட்டிருக்கின்றன. பலமான அடியில் அந்த அறைக்குள் ரத்தமோ வீக்கமோ ஏறினால் அது விரிய இடமில்லாமல் உள்ளிருக்கும் நரம்பையும் ரத்த ஓட்டத்தையும் நெரிக்கும். அடிக்குப் பொருத்தமில்லாத அளவு வலி ஏறிக்கொண்டே போகிறது, கால் கல் மாதிரி இறுகியிருக்கிறது, பாதத்தை யாராவது மெல்ல வளைத்தாலே உயிர் போகிறது, விரலிடுக்கு மரத்துப்போகிறது, பாதத்தை மேலே தூக்க முடியவில்லை என்றால் காலைவரை காத்திருக்காதீர்கள். கட்டை அவிழ்த்துவிட்டு நேராக அவசரப் பிரிவு, ஆள் இல்லாவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 995. சில மணி நேரத்தில் உறையைக் கீறிவிடாவிட்டால் தசை செத்துவிடும். அந்த நேரத்தில் வலிமாத்திரை போட்டுத் தூங்கப் பார்ப்பதுதான் மிக மோசமான யோசனை.

தோல் உரிந்தாலும் அலட்சியம் வேண்டாம். பாயில் எத்தனை பேரின் வியர்வை, நம் ஊர்ப் புழுக்கம் வேறு. சோப்புப் போட்டுக் கழுவி, மூடி, ஆறும்வரை ஸ்பாரிங்கை விடுங்கள். சிவப்பு பரவினால், சூடாக இருந்தால், காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே மருத்துவர். இந்தியர்களிடையே இங்கே நீரிழிவு அதிகம் என்பது தெரிந்த விஷயம், நாற்பதுக்கு மேல் வகுப்புக்கு வரும் அண்ணன்மார்கள் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு உதைக்கத் தொடங்குவது நல்லது, கணைக்கால் புண் ஆறாமல் இழுத்தடிப்பதை நம் வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம்.

பெண்கள் வகுப்பில் நான் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு, ஆண் பயிற்சியாளர்கள் கேட்கக் கூச்சப்படுவது: மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? எடை குறைக்கச் சோற்றை நிறுத்திவிட்டுத் தினமும் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதலில் அது நிற்கும், கூடவே எலும்பு மெலியும். 2014இல் அனைத்துலக ஒலிம்பிக் குழு இதற்கு ஒரு பெயர் வைத்து, ஆண்களுக்கும் வரும் என்று சொன்னது. செலவழிக்கும் அளவுக்குச் சாப்பிடாத உடம்பு எலும்பு கட்டுவதைக் குறைத்துக்கொள்ளும், அரித்தெடுக்கிற வேலை மட்டும் நிற்காது. வெயில் நாட்டில் இருக்கிறோமே, வைட்டமின் டி-க்கு என்ன குறை என்று நினைக்கிறோம், எம்ஆர்டி ரயிலிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து ஜிம் என்று கூரைக்கடியிலேயே நடமாடும் கருத்த தோலுக்குக் குறை உண்டு. சந்தேகமிருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை.

சரி, தடுப்பதற்கு என்னதான் செய்வது? பைதான் மருந்து. அதை மெதுவாகக் கூட்ட வேண்டும். கனமான பையில் அடிப்பகுதி நாளடைவில் உட்கார்ந்து கல்லாகிவிடும், புதியவர்கள் நடுப்பகுதியில் உதைத்தால் போதும். பாதத்தின் மேற்புறத்தால் உதைக்கிறவர்கள் அங்குள்ள சின்ன எலும்புகளைக் கெடுத்துக்கொள்கிறார்கள், இடுப்பைத் திருப்பிக் கணைக்கால் படுமாறு ஒரு காலடி உள்ளே நெருங்கி நில்லுங்கள். மூன்று வாரம் ஏற்றினால் நாலாவது வாரம் குறைக்கச் சொல்வேன், காரணம் மேலே எழுதியதுதான். ஓட்டத்தையும் உதையையும் ஸ்கிப்பிங்கையும் ஒரே மாதத்தில் சேர்த்துக் கூட்டாதீர்கள், எலும்புக்கு மூன்றும் ஒரே கணக்கில்தான் போகும். ஓடுவதற்கு சிமெண்டுப் பாதையை விடத் திடல் புல் நல்லது. கெண்டைக்காலை உரப்படுத்த ஒற்றைக் காலில் எழும்பி இறங்குங்கள், முழங்காலை மடக்கியும் செய்யுங்கள், பல் துலக்கும் நேரம் போதும்.

ஸ்பாரிங்கில் ஷின் கார்டு (கணைக்காலில் கட்டும் மெத்தை உறை) கட்டாயம். அது எலும்பு முறிவைத் தடுக்கும் கவசமில்லை, மேல்காயத்தைக் குறைப்பது மட்டும்தான், அதையும் பாதிப் பேர் ஒரு அளவு பெரிதாக வாங்கிவிட்டு அது சுழன்று சுழன்று கெண்டைக்காலுக்குப் போவதைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். சிலம்பம் ஆடுகிறவர்கள் ஏனோ கார்டு போடுவதை இழுக்காக நினைக்கிறார்கள், கீழ்வீச்சில் கம்பு நேராக விழும் இடமே அதுதான். எங்கள் வகுப்பில் கார்டே போடாத ஓர் அண்ணனுக்குக் கணைக்கால் இரும்பொறை என்று பட்டம் வைத்தேன், சேர மன்னன் பெயர் என்று சொன்னதும் அவர் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார், கார்டு மட்டும் இன்னும் வாங்கவில்லை.

திரும்பி வருவதைப் பற்றி. நடந்தால் வலி இல்லை, விரலால் அழுத்தினால் வலி இல்லை, அப்புறம் மருத்துவரோ பிசியோவோ சரி என்றபின் ஒற்றைக் காலில் குதித்தாலும் வலி இல்லை, இந்த மூன்றும் ஆன பிறகுதான் முதல் உதை. அதுவும் மென்மையான பேடில், கார்டு கட்டி, பாதி வேகத்தில். அன்றைக்கு எப்படி இருந்தது என்பதை நம்பாதீர்கள், மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கும்போது எப்படி இருக்கிறது என்று பாருங்கள், வலித்தால் ஒரு படி இறங்கி வாருங்கள். வலிமாத்திரை போட்டுக்கொண்டு வகுப்புக்கு வருவது எச்சரிக்கை மணியைக் கழற்றி வைப்பது. தம்பி ஓட்டத்துக்கு முன்பே உதைக்கத் திரும்பிவிட்டான், பிசியோவின் ஏற்பாடு அப்படி. ஓட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் எலும்பு வளைகிறது, எண்ணி உதைக்கிற உதையை ஒரு வகுப்புக்கு இத்தனை என்று கட்டுப்படுத்தலாம்.

பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோருக்கும் இதே கவலை உண்டு, தலைகீழாக: "சின்ன வயசிலேயே இறுக வைத்தால் நல்லதுதானே?" வளரும் வயதில் எலும்பின் நுனிகளில் வளர்ச்சித் தட்டுகள் திறந்திருக்கும், முழங்காலுக்குக் கீழே தசைநாண் இழுத்து இழுத்து ஒரு புடைப்பு வலிப்பது அந்த வயதில் சாதாரணம், குதிப்பதைக் குறைத்தால் பெரும்பாலும் தானே அடங்கும். சிறுவர்களுக்குப் பேடில் உதை ஒழுங்காக விழுந்தால் போதும். லோ கிக் ஸ்பாரிங் வளர்த்தி நின்ற பிறகுதான் என்பது எங்கள் கோச் வைத்திருக்கும் கட்டுப்பாடு, இதைக் கேட்டு முகம் சுளித்து வேறு ஜிம்முக்குப் போன பெற்றோரும் உண்டு, அவர் மாற்றிக்கொள்ளவில்லை.